மேடை ஃபங்க் ஒலிப்பதிவுகள்: கேட்போர் குரலும் இசையும் – ஒரு நோக்கு

ஒலிப்பதிவு செய்யப்பட்ட இசையை மதிப்பிடுவோர் மேடைப் பதிவுகளைப் பெரும்பாலும் இரண்டாந்தரச் சான்றுகளாகவே கொள்வர். கலையகத்தில் நிதானமாகவும் பலமுறை திருத்தியும் உருவாக்கப்பட்ட பதிவே படைப்பு. மேடைப் பதிவு அப்படைப்பின் நினைவுப் பொருள் மாத்திரமே என்பது அவர்தம் கருத்து. வேறு சில இசை வகைகளைப் பொறுத்தவரை இக்கருத்து ஓரளவு பொருந்தவுங் கூடும். ஆனால், 1960களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே உருப்பெற்ற ஃபங்க் இசைக்கு இது பொருந்தாது. அவ்விசையின் தலைசிறந்த மேடைப் பதிவுகளைக் கேட்போர் அடையும் மெய்சிலிர்ப்பு, கலையகப் பதிவுகள் தரும் இன்பத்தினின்றும் அளவால் மட்டுமன்றித் தன்மையாலும் வேறானது. அவ்வேறுபாடு எதனால் விளைகின்றது? கூட்டத்தின் ஆரவாரத்தால் என்ற விடை உடனே தோன்றும். அது அரைகுறை விடை என்பதற்கு ஃபங்க் இசையின் வரலாறே ஒரு சான்றைத் தந்துள்ளது. அச்சான்றுக்குச் செல்லுமுன் இவ்விசையின் அமைப்பைச் சற்று நோக்குதல் தகும்.

ஜேம்ஸ் பிரவுண் 1965 இல் வெளியிட்ட ‘பாப்பாஸ் கொட் எ பிராண்ட் நியூ பாக்’ என்ற பாடலிலும், ‘பீ வீ’ எல்லிஸ் என்னும் இசைஞருடன் இணைந்து 1967 இல் ஆக்கிய ‘கோல்ட் ஸ்வெற்’ என்ற பாடலிலும் இவ்விசையின் இலக்கணம் ஏறத்தாழ முழுமையாக அமைந்துவிட்டது. நான்கு அடிகள் கொண்ட சுற்றில் முதலடி அழுத்தம் பெறுகின்றது. இரண்டாம் நான்காம் அடிகளை அழுத்தும் பழைய வழக்கு மறையவில்லையெனினும், இசைக்குழு முழுவதும் ஒன்றுகூடும் இடம் முதலடியே. சுரக்கூட்டுகளின் மாற்றம் மிகக் குறைந்துவிடுகின்றது. கிற்றார், சக்ஸபோன், டிரம்பெற், ஏன், பாடகரின் குரலுங்கூடத் தாளக்கருவிகளாக மாறிவிடுகின்றன. ஒவ்வொரு கருவியும் ஒரு சிறு துண்டையே இசைக்கின்றது. அத்துண்டு தனித்துக் கேட்கப்படின் அற்பமாகவே தோன்றும். பிற துண்டுகளின் இடைவெளிகளில் அது சென்று பொருந்துகையிலேயே அதன் பொருள் வெளிப்படுகின்றது. (கர்நாடக இசைப் பயிற்சியுடையோர் இம்முதலடியைச் ‘சமம்’ என்பதுடன் ஒப்பிட முற்படலாம். ஒப்புமை சிறிது தூரமே செல்லும். அங்கே வித்துவான் கணக்கு வழியே நெடுந்தூரம் பயணஞ்செய்து சமத்துக்கு மீள்கிறார். இங்கோ பயணம் என்பதே இல்லை, மீள்தல் மட்டுமே உண்டு.)

இவ்வமைப்பு ஒரு குற்றச்சாட்டுக்கு இடந்தருகின்றது. நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக வைத்த ‘கூறியது கூறல்’ இவ்விசையில் குற்றமாகவன்றி அடிப்படையாகவே அமைந்துவிட்டதென்றும், ஆடுவோருக்கு அது போதுமாயினும் அமர்ந்து கேட்போருக்குச் சலிப்பே எஞ்சுமென்றும் கூறுவோர் உளர். கலையகப் பதிவுகளை மட்டும் கேட்டோரிடமிருந்து இக்குற்றச்சாட்டு எழுவதில் வியப்பில்லை. அக்காலத்தில் வானொலிக்கும் கடைகளுக்கும் சென்றவை நிமிடத்துக்கு 45 தடவை சுழலும் சிறிய இசைத்தட்டுகள். அவற்றின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்களையே நன்கு தாங்கும். பிரவுணின் பாடல்கள் அதனுள் அடங்கவில்லை. எனவே ‘பகுதி 1’, ‘பகுதி 2’ எனப் பிளக்கப்பட்டு இரு பக்கங்களிலும் அச்சிடப்பட்டன. திரும்பத் திரும்ப வருதலினாலேயே வலுப்பெறும் ஓர் இசை, வலுப்பெறத் தொடங்கும் கணத்தில் ஊசி தட்டின் முடிவை அடைந்துவிடும். உருவம் ஊடகத்தை மீறிவிட்ட நிலை இது. அவ்வுருவம் தன் இயல்பான நீளத்தைப் பெற்ற இடம் மேடையே.

மேடைப் பதிவின் வலிமையை உலகம் முதன்முதலில் உணர்ந்தது, கண்டிப்பாக நோக்கின் ஃபங்க் எனக் கூறவியலாத ஒரு பதிவினாலாகும். நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்போலோ அரங்கில் 1962 ஒக்டோபர் 24 ஆம் திகதி பிரவுண் நிகழ்த்திய நிகழ்ச்சி அது. கியூபாவைச் சூழ்ந்து அமெரிக்கக் கடற்படை விதித்த தடை நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். அவ்வச்சத்தின் சாயல் பதிவில் எங்கும் இல்லை. ஏற்கெனவே விற்கப்பட்ட பாடல்களை மேடையில் பாடிப் பதிந்தால் யார் வாங்குவர் எனச் சின்சினாற்றியிலிருந்த கிங் இசைத்தட்டு நிறுவனத்தின் அதிபர் சிட் நேதன் மறுத்துவிட, பிரவுண் தமது சொந்தப் பணத்திலேயே பதிவை நடத்தினார். 1963 இல் வெளிவந்த அந்த நெடுந்தட்டு ‘பில்போர்ட்’ சஞ்சிகையின் பொது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை அடைந்து, 66 வாரங்கள் அப்பட்டியலில் நிலைத்தது. வானொலி அறிவிப்பாளர் சிலர் தனிப்பாடல்களைத் தெரிவதை விடுத்து ஒரு பக்கம் முழுவதையும் இடைவிடாது ஒலிபரப்பினர்.

அதிலுள்ள ‘லொஸ்ட் சம்வண்’ என்ற பாடல் பத்து நிமிடங்களுக்கும் மேலானது. தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது மறுபக்கத்துக்கு நீள்கின்றது. இசைக்குழு ஒரே சிறு அசைவை மெதுவாகத் திரும்பத் திரும்ப இசைத்துக்கொண்டிருக்கின்றது. அதன்மேல் பிரவுண் பாடுகிறார், பேசுகிறார், இறைஞ்சுகிறார், சில வேளைகளில் ஏறத்தாழ மௌனமாகிவிடுகிறார். அம்மௌனத்தில் கூட்டத்திலிருந்து தனித்தனிக் குரல்கள் எழுகின்றன. பெரும்பாலும் பெண்களின் குரல்கள். அவற்றை அவர் காத்திருந்து பெறுகிறார். அடுத்த சொல் உரத்து வரவேண்டுமா, முணுமுணுப்பாக வரவேண்டுமா என்பதை அக்குரல்களே தீர்மானிக்கின்றன. கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் போதகரும் சபையோரும் ஒருவர்க்கொருவர் மறுமொழி கூறும் மரபு இங்கு உலகியற் காதலுக்கு மாற்றப்பட்டுள்ளது என்பதைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். அதனினும் முக்கியமானது வேறொன்று. இப்பதிவிலிருந்து கூட்டத்தின் குரலை எவ்வகையிலேனும் அகற்றிவிட்டால் எஞ்சுவது பாடல் அன்று. காரணமற்ற இடைவெளிகள் நிறைந்த ஒரு வெற்றுரை. கூட்டம் இங்கு பாராட்டும் தரப்பு அன்று, இசைக்கும் தரப்பு.

இனி முன்னர் குறிப்பிட்ட சான்றுக்கு வரலாம். 1970 இல் ‘செக்ஸ் மெஷின்’ என்ற பெயரில் பிரவுணின் இரட்டை இசைத்தட்டு வெளியாயிற்று. முழுவதும் மேடைப் பதிவு என்ற தோற்றத்துடனேயே அது விற்கப்பட்டது. உண்மையில் முதலாவது தட்டு கலையகத்தில் பதியப்பட்டது. எதிரொலியும் கூட்டத்தின் ஆரவாரமும் பின்னர் சேர்க்கப்பட்டவை. இரண்டாவது தட்டின் பெரும்பகுதியோ 1969 ஒக்டோபர் 1 ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்ரா நகரில், பிரவுண் வளர்ந்த ஊரில், பெல் அரங்கில் நிகழ்ந்த உண்மையான நிகழ்ச்சி. பொய்யும் மெய்யும் ஒரே உறைக்குள் இடம்பெற்றமை வாங்கியோருக்கு வஞ்சனை. திறனாய்வாளனுக்கோ கிடைத்தற்கரிய ஒரு பரிசோதனை.

முதலாவது தட்டில் ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ஆயினும் அது இசையின்மேல் விரித்த ஒரு போர்வை போலவே கிடக்கின்றது. பாடல் தணியும்போது அது தணிவதில்லை. ஏறும்போது அதற்கேற்ப ஏறுவதுமில்லை. பிரவுண் அதற்கு மறுமொழி கூறுவதில்லை, ஏனெனில் அவர் பாடியபோது அது இருக்கவில்லை. இத்தட்டிலுள்ள ‘கிவ் இற் அப் ஓர் டேர்ன் இற் எ லூஸ்’ என்ற பாடல் 1986 இல் வெளிவந்த ‘இன் த ஜங்கிள் குரூவ்’ என்ற தொகுப்பில் ஒட்டப்பட்ட ஆரவாரம் நீக்கப்பட்டு மீண்டும் வெளியாயிற்று. கூட்டம் போயிற்று, பாடல் எதனையும் இழக்கவில்லை. மாறாக, கொங்காவும் பேஸ் கிற்றாரும் தெளிவுபெற, முன்னையதிலும் விறுவிறுப்பாகவே அது ஒலிக்கின்றது. அப்போலோப் பதிவுடன் இதனை ஒப்பிடுவோருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மெய்சிலிர்ப்பைத் தருவது ஆரவாரம் அன்று. ஆரவாரத்தால் இசை மாறுவதைக் கேட்டலே.

இரண்டாவது தட்டுக்கு மாறியதும் இது உறுதிப்படுகின்றது. பிரவுண் தம் இளமைக்கால ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைவுகூரும் ‘தெயர் வோஸ் எ டைம்’ என்ற பாடலில் அவரது ஊரின் பெயரும் வருகின்றது. அப்பாடல் அவ்வூரிலேயே, அவ்வாட்டங்களை அறிந்தோர் முன்னிலையில் பாடப்படுகின்றது. கேட்போர் இங்கு நினைவின் பங்காளிகள். ஜிம்மி நோலனின் கிற்றாரும் கிளைட் ஸ்டபிள்பீல்டின் ட்ரம்மும் மேசியோ பார்க்கரின் சக்ஸபோனும் கொண்ட அக்குழு அவ்வேளையில் தன் திறனின் உச்சத்தில் இருந்தது.

கேட்போர் இசைக்கும் தரப்பினராயின் அவர்களுக்கு ஒரு வலிமையும் உண்டு என்பது பெறப்படும். 1968 ஏப்ரல் 4 ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டார். மறுநாள் பொஸ்ரன் நகரில் பிரவுணின் நிகழ்ச்சி ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. மக்கள் வீதிக்கு வராமல் வீட்டிலிருக்க வேண்டுமென்ற நோக்குடன் அது தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. இறுதிக் கட்டத்தில் இளைஞர் சிலர் மேடையேற, பொலிசார் அவர்களைத் தள்ள முற்பட, பிரவுண் பொலிசாரை விலகச் செய்து, தாமே பேசி இளைஞரைக் கீழிறக்கிப் பாடலைத் தொடர்ந்தார். 1972 ஓகஸ்ட் 20 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு டொலர் கட்டணத்தில் கூடிய ‘வொற்ஸ்டாக்ஸ்’ விழாவில் இதன் நகைச்சுவை வடிவத்தைக் காணலாம். 1965 இல் வொற்ஸ் பகுதியில் நிகழ்ந்த எழுச்சியின் ஏழாம் ஆண்டு நினைவாக அவ்விழா நடத்தப்பட்டது. றூபஸ் தோமஸ் பாடுகையில் கூட்டம் வேலி தாண்டிப் புற்றரையில் இறங்கி ஆடத் தொடங்கிற்று. பகிடியாலும் கெஞ்சலாலும் அவ்வளவு பேரையும் அவர் இருக்கைகளுக்கு அனுப்பிவைத்தார். குடையுடன் ஆடிக்கொண்டு கடைசிவரை போக மறுத்த ஒருவரைக் கூட்டத்தின் சிரிப்பைக் கொண்டே வெளியேற்றினார். 1973 இல் வெளிவந்த அவ்விழாவின் திரைப்படத்தில் அவரது பாடலினும் இப்பேச்சே ஃபங்க் இசையின் இலக்கணத்துக்கு நெருங்கியது எனலாம்: அதே சொல் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் மறுமொழியைக் கேட்ட பின்னரே அடுத்தது.

எனினும், கூட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு மேடையில் நின்ற தொழிலாளரைப் பற்றிப் பேசாதுவிடின் ஆய்வு ஒருபக்கச் சார்புடையதாகும். தொழிலாளர் என்ற சொல் இங்கு தெரிந்தே ஆளப்படுகின்றது. பிரவுணின் குழுவில் பிழைவிட்டோருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. பிந்திய அடிக்கும், தவறிய சுரத்துக்கும், மினுக்கப்படாத சப்பாத்துக்குங்கூடத் தண்டம். மேடையில் ஆடிக்கொண்டே கைவிரல்களை விரித்துக் காட்டித் தண்டத்தொகையை அவர் அறிவிப்பாராம். அதனைக் கூட்டம் ஆட்டத்தின் ஓர் அசைவு என்றே கொள்ளும். 1970 மார்ச்சில் ஒகஸ்ராவில் ஒலித்த அக்குழுவினரிற் பெரும்பாலோர் ஊதியத்தையும் நடத்தையையும் முன்னிட்டு முரண்பட்டு வெளியேறினர். அவர்தம் கோரிக்கைக்கு இணங்காத பிரவுண், சின்சினாற்றியிலிருந்து ஓர் இளைஞர் குழுவை விமானத்தில் அழைப்பித்து மேடையேற்றினார். அதில் இருந்தவர்களே பூட்சி கொலின்ஸும் அவரது மூத்த சகோதரர் கற்ஃபிஷ் கொலின்ஸும். பூட்சிக்கு அப்போது வயது 18.

அப்புதிய குழு 1971 மார்ச் 8 ஆம் திகதி பாரிஸ் நகரின் ஒலிம்பியா அரங்கில் இசைத்தது. அன்றைய பதிவே மேடை ஃபங்க் பதிவுகள் யாவற்றுள்ளும் முதன்மையானது என்பது இக்கட்டுரையின் துணிபு. கலையகப் பதிவுகளைவிடப் பாடல்கள் விரைவானவை. ஆனால் விரைவினால் ஒன்றும் சிதறுவதில்லை. ‘செக்ஸ் மெஷின்’ பாடலை எடுத்துக்கொள்ளலாம். சுரநிலை மாறும் பகுதியை அவ்விசைஞர் ‘பாலம்’ என்பர். பாலத்துக்குச் செல்லலாமா எனப் பிரவுண் கேட்கிறார். பொபி பேர்ட் மறுமொழி கூறுகிறார். பிரவுண் மீண்டும் கேட்கிறார். பூட்சியின் பேஸ் கிற்றாரும் ஜாபோ ஸ்டார்க்ஸின் ட்ரம்மும் அதே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கின்றன. மாற்றம் வருமென்பது எல்லோருக்குந் தெரியும். எப்போதென்பது ஒருவருக்கே தெரியும். ஒவ்வொரு சுற்றும் கடந்துசெல்ல, கூறியது கூறல் என்ற அக்குற்றமே எதிர்பார்ப்பின் கருவியாகிவிடுகின்றது. பின்னர் குழு முழுவதும் ஒரே கணத்தில் திரும்புகையில் கேட்போரின் உடல் சிலிர்க்கின்றது. அரங்கிலிருந்த பிரெஞ்சு மக்களுட் பலர் சொற்களை முற்றாக விளங்கியிருக்க வேண்டியதில்லை. அவர்கள் விடையளிப்பது முதலடிக்கே.

இங்கேதான் இடர்ப்பாடான வினா எழுகின்றது. பலர் ஒரே கணத்தில் ஒருவராகத் திரும்புகின்றனர். அவ்வொருமை ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டதால் விளைந்ததா, தண்டத்துக்கு அஞ்சியதால் விளைந்ததா? கேட்போர் மகிழ்வது ஒரு கூட்டுறவின் ஒலியிலா, ஓர் ஆணையின் ஒலியிலா? பாரிஸ் பதிவு மூன்று தட்டுகளாக வெளிவரவிருந்தது. பூட்சியும் பிறரும் அவ்வாண்டிலேயே விலகிச் சென்றுவிட, வெளியீடு கைவிடப்பட்டது. 1992 வரை, அஃதாவது 21 ஆண்டுகள், அது ஒலிநாடாவிலேயே கிடந்தது. ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இரு குழுக்கள் பிரவுணைக் கைவிட்டன என்ற உண்மையை, அவரது ஒழுங்கின் சிறப்பைப் போற்றுவோர் எளிதிற் கடந்துசெல்லல் ஆகாது.

ஒழுங்குக்குத் தண்டம் இன்றியமையாததன்று என்பதற்கு அதே ஆண்டில் பதிவான மற்றொரு நிகழ்ச்சி சான்றாகும். டொனி ஹதவே 1971 இல் லொஸ் ஏஞ்சல்ஸின் ‘துருபடோர்’, நியூயோர்க்கின் ‘பிற்றர் எண்ட்’ ஆகிய சிறு கூடங்களில் நிகழ்த்தியவை 1972 இல் ‘லைவ்’ என்ற தட்டாக வெளிவந்தன. (கேர்ற்றிஸ் மேபீல்டின் மேடைத்தட்டும் அதே பிற்றர் எண்ட் கூடத்தில், அதே ஆண்டு ஜனவரியிலேயே பதியப்பட்டது, அதன் அடங்கிய குரலும் தனியே ஆராயத்தக்கது.) ஹதவேயை ஃபங்க் இசைஞர் என வகுக்கச் சிலர் தயங்குவர், அவர் சோல் மரபினர் என்பர். ஆயினும், பதின்மூன்று நிமிடங்களைத் தாண்டும் ‘வொய்சஸ் இன்சைட்’ என்ற பாடலில் வில்லி வீக்ஸ் பேஸ் கிற்றாரில் தனித்து இசைக்கும் பகுதியைக் கேட்டோர் அத்தயக்கத்தைக் கைவிடுவர். அவர் சில சுரங்களுடன், ஏறத்தாழக் கூச்சத்துடன் தொடங்குகிறார். கூட்டத்தில் யாரோ உரத்து உற்சாகப்படுத்துகிறார். வீக்ஸ் இன்னொரு சுரத்தைச் சேர்க்கிறார். மீண்டும் குரல், மீண்டும் ஒரு துணிவு. திறமையின் காட்சி என்பதினும், ஒருவருக்குப் பலர் துணைநிற்பதன் பதிவு என்பதே இதற்குப் பொருத்தமான விவரணம். அதே தட்டில் ‘யூ ஹாவ் கொட் எ ஃபிரெண்ட்’ பாடலின் பல்லவியைக் கேட்போர் அனைவரும் சேர்ந்து பாடுகின்றனர். ஹதவே தம் குரலை ஒதுக்கி அவர்களுக்கு இடம் விடுகிறார்.

அங்ஙனமாயின் ஹதவேயின் தட்டே உயர்ந்தது எனத் தீர்ப்பளித்துவிடலாமா? அறவியல் அவ்வாறு விரும்பும், செவி இணங்காது. பாரிஸ் பதிவின் இறுதியில் ‘சுப்பர் பாட்’, ‘சோல் பவர்’ ஆகியன இடைவிடாது ஒன்றினுள் ஒன்று பாயும் பகுதியின் இறுக்கம் ஹதவேயிடம் இல்லை. அவர் அதனை நாடியவருமல்லர். ஆனால் ஒன்றை வற்புறுத்திக் கூறலாம். அவ்விறுக்கத்தை முழுவதும் பிரவுணின் கணக்கில் எழுதுவது தவறு. தண்டம் பிழையைத் தடுக்கலாம். 19 வயதுப் பூட்சி ஒவ்வொரு சுற்றிலும் முதலடியைத் தவறாது கொடுத்துவிட்டு, எஞ்சிய இடைவெளியில் துள்ளி விளையாடும் அவ்விளையாட்டைத் தண்டம் உண்டாக்கியிருக்க முடியாது. ஆணை கேட்டது முதலடியை மட்டுமே. மற்றைய யாவும் இசைஞர் தாமாகக் கொடுத்தவை. மேடைப் பதிவுகளிலேயே இவ்வுபரி நன்கு கேட்கின்றது. பாடல் நீள நீளவே அது பெருகுகின்றது.

உபரி என்ற சொல் கிளைட் ஸ்டபிள்பீல்டை நினைவூட்டுகின்றது. 1969 நவம்பரில் கலையகத்தில் பதியப்பட்ட ‘ஃபங்கி ட்ரம்மர்’ என்ற பாடலில் பிற கருவிகள் ஓய, அவர் சில விநாடிகள் தனித்து இசைத்தார். பிற்காலத்தில் அத்துண்டு இயந்திரங்களால் வெட்டியெடுக்கப்பட்டு, சுழலவிடப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளுக்கு அடித்தளமாயிற்று. பாடலின் ஆக்குநராக அவர் பெயர் பதியப்படாமையால், அப்பயன்பாட்டுக்குரிய உரிமைப்பணம் அவருக்குச் சேரவில்லை. சுழலும் அத்துண்டில் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைப் போன்றதே. கேட்போர் என்ன செய்தாலும் அது மாறாது. ஒகஸ்ராவில் அதே மனிதர் அதே ஆண்டில் தம் ஊராரல்லாத ஒரு கூட்டத்தின் முன்னே இசைத்ததில் எந்த இரு சுற்றுகளும் ஒன்றல்ல. அந்நிகழ்ச்சி முழுமையாக, உரிய வரிசையில் வெளியிடப்பட்டது 2019 இல். ஸ்டபிள்பீல்ட் மறைந்து அப்போது இரண்டாண்டுகள் கழிந்திருந்தன.